கால் மணிக்கு ஒரு டம்ளர்

2018 ஜூன் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். வெயில் நூற்று நான்கு டிகிரி. கடல்காற்று அன்று அதுவரை எழவில்லை. ராயபுரத்தில் நான் வேலை பார்த்த நாற்பது படுக்கை மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பதினோராம் எண் கட்டிலில், தேசிங்கு என்ற முப்பத்து நான்கு வயது மீனவருக்கு வலிப்பு வந்தது. காலை எட்டரை மணிக்கு என்னிடம் சிரித்துப் பேசியவர். நான் பணி ஓய்வு பெற்று நான்கு வருடங்கள் ஆகின்றன. அந்தக் கட்டில் ஆடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர்களாகிய உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: ஹைபோதலாமஸ் செல்கள் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று முதல் வருடத்தில் மனப்பாடம் செய்தோமே, அது வார்டில் எதற்காவது உதவியதா என்று. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

தேசிங்கு காசிமேட்டில் ஒரு விசைப்படகில் வேலை செய்தார். அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆட்கள் வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த தேசிங்கு, ஜூன் எட்டாம் தேதி, சாரத்திலிருந்து பின்பக்கமாக விழுந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதியில் மெல்லிய விரிசல். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிட்டார். நினைவு தெளிவாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது சிறுநீர் போகத் தொடங்கியது. மறுநாள் முழுவதும் சேர்த்துப் பதினோரு லிட்டர். அளந்தவர் செவிலியர், நம்பாமல் மறுபடி கூட்டிப் பார்த்தவன் நான்.

காரணம் உங்களுக்குத் தெரியும். மூளையின் அடியில் ஹைபோதலாமஸில் இருக்கும் சில ஆயிரம் செல்கள் வாஸோபிரஸின் என்ற ஹார்மோனை விடுகின்றன. தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குப் போகும் உத்தரவு அதுதான். அந்தச் செல்களின் நீண்ட காம்பு அடிபட்டு நசுங்கியதில் உத்தரவு நின்றுவிட்டது. தாகம் மட்டும் இருந்தது. அந்தத் தாகத்தை நம்பித்தான் அவர் உயிரோடு இருந்தார்.

அவருடைய படகில் மொத்தம் எட்டுப் பேர். தடைக்காலம் என்பதால் மற்ற ஏழு பேருக்கும் வேலை இல்லை. ஏழு பேரும் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். படகு டிரைவர் எத்திராஜ், ஐம்பது வயது இருக்கும், எடுத்த எடுப்பிலேயே என்னிடம் கேட்டார்.

"இன்னா சார் செய்யணும்? சொல்லு. எங்க ஆளுங்க நிப்பானுங்கோ."

"எவ்வளவு வெளியே போகுதோ அவ்வளவு உள்ளே போகணும். கேட்டு வாங்கிக் குடிக்கிற அளவுக்கு அவருக்குத் தெம்பு இல்லை. நீங்கதான் கொடுக்கணும்."

"அவ்ளோதானே? வுடு."

கடலில் போகும் படகில் சுக்கான் பிடிப்பவர்கள் முறை மாறி நிற்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வாச்சு'. ஒருவர் வாச்சு முடிந்து அடுத்தவரைத் தட்டி எழுப்பாமல் படுக்கமாட்டார். அதையே கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள். கால் மணிக்கு ஒரு டம்ளர். இருநூறு மில்லி; இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அவர் விழிக்கும்போது மட்டும். தேசிங்கின் மனைவி மாலாவை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னார்கள். என் நாற்பது வருட அனுபவத்தில், கொடுத்த உத்தரவை அவ்வளவு சுத்தமாக நிறைவேற்றிய உறவினரையோ செவிலியரையோ நான் பார்த்ததில்லை. நான்கு நாள் அவரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதன்கிழமை இரவு சிறுநீர் குறைந்தது. வியாழன் காலை ஆறு மணிக்குக் கணக்குப் பார்த்தால், ஒன்பது மணி நேரத்தில் முந்நூறு மில்லி. வார்டு முழுக்கச் சந்தோஷம். டூட்டி டாக்டர் நாங்குநேரிப் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி; அவர்கூட, "சார், செல் எல்லாம் முழிச்சிக்கிட்டு போல. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிரலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வகைக் காயத்தில் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. நசுங்கிய காம்புகளின் நுனியில் பழைய ஹார்மோன் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்கும். ஐந்தாம் ஆறாம் நாளில் அந்த நுனிகள் அழுகத் தொடங்கும்போது, யார் உத்தரவும் இல்லாமல் அது கசிந்து இரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் கொடுத்தால் அது உடம்பிலேயே தங்கும், சோடியம் நீர்த்துப்போகும், மூளை வீங்கும்.

காலைச் சோடியம் நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும்; கொஞ்சம் குறைவு, பயப்படும் அளவு இல்லை. எட்டரை மணிக்கு நானே கட்டிலருகே போய் வாச்சில் இருந்த சுகுமாரிடம் சொன்னேன். "இனிமே தண்ணி கொடுக்காதீங்க. அவரா கேட்டா ஒரு வாய். அவ்வளவுதான்." செவிலியரிடமும் எழுதிக் கொடுத்தேன். சுகுமார் தலையாட்டினார். தேசிங்கு, "அப்பாடா, இவனுங்ககிட்டேந்து தப்பிச்சேன் சார்" என்று சிரித்தார். மதியம் இரண்டு மணிக்கு மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

மூன்று இருபதுக்கு வலிப்பு. நான் மேலே ஓடி வந்தபோது டூட்டி டாக்டர் அவரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்திருந்தார். வலிப்பை நிறுத்தும் ஊசி ஒரு முறை போட்டாயிற்று, நிற்கவில்லை. அதே நேரத்தில் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி. இரண்டு மணி இரத்தத்தில் சோடியம் நூற்றுப் பதினொன்று.

"டிரிப் ஏத்துற கையிலயே ரத்தம் எடுத்துட்டாங்களோ சார்?" என்றார் ஆய்வகத்துப் பையன். "இந்த நம்பரை நான் எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன். திருப்பி அனுப்புங்க. நாப்பது நிமிஷத்துல தந்துடறேன்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஊசி அடைக்காமல் இருக்கக் கையில் குளுக்கோஸ் நீர் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. அதே கையில் ஊசிக்கு மேலே இரத்தம் எடுத்தால் சோடியம் பொய்யாகக் குறைந்து காட்டும். டூட்டி டாக்டரும் அதையே சொன்னார்.

"எட்டு மணி நேரத்துல பதினேழு குறையுமா சார்? தண்ணியே கொடுக்கலையே. தலைக்குள்ள ரத்தக் கசிவா இருக்கும். ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருவோம்."

இந்த இடத்தில் உங்களை நிறுத்திக் கேட்கிறேன். எண் உண்மையென்றால் அடர்த்தியான உப்புநீர் உடனே ஏற்ற வேண்டும். நாற்பது நிமிடம் காத்தால் ஆள் போய்விடுவார். எண் பொய்யாக இருந்து, உள்ளே இரத்தக் கசிவு என்றால், ஸ்கேனுக்குத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் கெடுதல். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. ஸ்கேன் தரைத்தளத்தில், லிஃப்ட் ஒன்றுதான், வலிப்பு நிற்காத ஆளை அதில் ஏற்ற வேண்டும். நான் சோடியத்தை நம்பவா வேண்டாமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகக் கட்டிலை நகர்த்தினார்கள். கட்டிலுக்கு அடியில் எதையோ மூடி ஒரு கைலி விரித்திருந்தது. சக்கரம் இடித்ததும் கைலி சரிந்தது. உள்ளே இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன். ஒன்று திறந்திருந்தது. பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர்.

"இது என்ன?"

சுகுமார் மூலையில் வெளிறிப்போய் நின்றிருந்தார். ஆனால் பதில் சொல்லும்போது குரலில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை.

"தண்ணி சார். கரீக்டா குட்த்துகினு கீறோம். காலீல ஆறு மணிலேந்து கா மணிக்கு ஒரு டம்ளரு. அவன் ஒருவாட்டி வாந்தி எட்த்தான், அப்ப ஒண்ணு மட்டும் மிஸ்ஸு. மத்தபடி ஒரு சொட்டு வுடல."

"நான் நிறுத்தச் சொன்னேனே!"

"சொன்ன சார். அத்த கேட்டுத்தான் எல்லாரும் பேஜாராயிட்டோம். கடல்ல ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு நின்னுபோச்சின்னா இன்னா அர்த்தம்? ஒடம்பு காஞ்சிகினு வர்து. அவன் வாயப் பொளந்து தண்ணி ஊத்தணும். இது மொத மொத படகேறுன பொடியனுக்குக்கூட தெரியும். நீ இன்னாடான்னா நிறுத்துன்ற. ஆஸ்பத்திரி கேன் தண்ணி ரொம்ப செலவாவுதுன்னு சொல்றியோன்னு நென்ச்சி, எங்க காசுல ரெண்டு கேன் வாங்கியாந்து வெச்சிகினோம்."

மாலா அப்போதுதான் கதவருகே வந்து நின்றார். "வேணாம் வேணாம்னு அது கைய தட்டி வுட்டுச்சி சார். வயிறு முட்டுதுன்னுச்சி. தலை வலிக்குதுன்னுச்சி. நான் சொன்னேன், குடுக்காதீங்கன்னு. 'நீ சும்மா கெட அண்ணி, ஒனக்கு இன்னா தெரியும்'ன்னானுங்க."

ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை முப்பத்து மூன்று டம்ளர், தவறியது ஒன்று, முப்பத்திரண்டு. ஆறு லிட்டர் நானூறு மில்லி. அவருடைய உடம்பில் இருக்கும் தண்ணீரோடு அதைச் சேர்த்து வகுத்துப் பார்த்தால், நூற்று இருபத்தெட்டு எங்கே வந்து நிற்க வேண்டுமோ அங்கேதான் நின்றிருந்தது. நூற்றுப் பதினொன்று பொய் இல்லை. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து டம்ளர் வேறு போயிருந்தது.

அன்புதான் அவருக்குள் ஏழு லிட்டராகப் போயிருக்கிறது என்ற நினைப்பு அப்போது வரவில்லை, பிறகுதான் வந்தது. அப்போது வந்தது ஒரே வாக்கியம். "ஸ்கேன் வேண்டாம். மூணு சதவீத உப்புநீர் நூறு மில்லி, பத்து நிமிஷத்துல."

"ரிப்பீட் ரிப்போர்ட் வரட்டுமே சார்..."

"வந்தாச்சு. அதோ தரையில இருக்கு."

முதல் நூறு மில்லி முடிந்தது. வலிப்பு நிற்கவில்லை. இரண்டாவது நூறு பாதி இறங்கும்போது கை தளர்ந்தது. பிறகு தாடை. பிறகு தேசிங்கு குறட்டைபோல ஒரு நீண்ட மூச்சு விட்டார். டூட்டி டாக்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இதற்கிடையில் மறு கையில் எடுத்து அனுப்பிய இரத்தத்துக்கு, நாற்பது நிமிடம் கழித்து வந்த இரண்டாவது முடிவு நூற்றுப் பன்னிரண்டு.

ஆபத்து அதோடு முடியவில்லை. மூன்றாம் கட்டம் பாக்கி இருந்தது. கசிவு தீர்ந்ததும் மடை மறுபடி திறக்கும், தண்ணீர் கொட்டும், சோடியம் மளமளவென்று ஏறும். அவ்வளவு வேகமாக ஏறினால் மூளைத் தண்டு கருகிவிடும். ஆள் உயிரோடு இருப்பார், அசைய மாட்டார். திறக்கும் அந்த மணி நேரத்தைப் பிடித்தாக வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் சிறுநீரை அளக்க ஆள் வேண்டும். அன்று அந்த மாடியில் இருபது நோயாளிகளுக்கு இரண்டு செவிலியர்கள்.

ஐந்து மணிக்கு எத்திராஜ் வந்தார். தடைக்காலம் அன்று நள்ளிரவோடு முடிகிறது. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, படகைத் தயாராக நிறுத்திவிட்டு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் சுகுமாரை ஓர் அறை விட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அவன அடிச்சி பிரயோஜனம் இல்ல. நாந்தான் குடுக்கச் சொன்னேன். ஆனா சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. மூத்திரம் நின்னா தண்ணி குடுக்கக் கூடாதுன்றது எந்த ஊரு நியாயம்?"

அவரை வராண்டா பெஞ்சில் உட்காரவைத்தேன். காலையில் சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன்.

"எத்திராஜ், வலை இழுக்கும்போது எப்படி இழுப்பீங்க?"

"எல்லாரும் ஒண்ணா. ஒருத்தன் சவுண்டு வுடுவான், அத்த கேட்டு எல்லாரும் ஒரே தம்மு."

"மூளையில அப்படி ஒரு கூட்டம் இருக்கு. குழந்தை மார்ல வாய் வச்சதும் அந்தச் செல் எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரே தம்மு பிடிக்கும். ஒரு செல் விடுற ஹார்மோன் பக்கத்துச் செல்லையும் உசுப்பி விடும். சில நொடி, அவ்வளவுதான். பால் இறங்கும். பிறகு சில நிமிஷம் சும்மா இருக்கும். மறுபடி ஒரு தம்மு."

"சரி."

"பக்கத்துலயே இன்னொரு கூட்டம். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற கூட்டம். அது அப்படி ஒண்ணா இழுக்காது. அது வாச்சு. ஒரு செல் அரை நிமிஷம் வேலை செய்யும், அரை நிமிஷம் படுக்கும். அது படுக்கும்போது வேற ஒண்ணு முழிச்சிருக்கும். ஒண்ணுக்கொண்ணு பேசி வச்சுக்கிட்டுச் செய்யறதில்லை, ஆனா ஆயிரக்கணக்குல இருக்கறதால எந்த நேரமும் சுக்கான்ல யாராவது இருப்பாங்க. அதனாலதான் உங்களுக்கும் எனக்கும் தண்ணி மட்டம் ஆடாம நிக்குது."

எத்திராஜ் பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் தொடர்ந்தேன்.

"தேசிங்கு விழுந்ததுல அந்த வாச்சு ஆளுங்களுக்கு அடி. மூணு நாலு நாளு சுக்கான்ல யாரும் இல்லை. தண்ணியெல்லாம் ஓடுச்சு. அப்ப நீங்க ஊத்துனது சரி. நேத்து ராத்திரியிலேர்ந்து வேற. அறையில கட்டி வச்சிருந்த சரக்கு உடைஞ்சு, யாரும் இறக்கச் சொல்லாமலே கொட்டுது. முறை இல்லை, வாச்சு இல்லை. தண்ணியைப் பிடி பிடின்னு ஒரே கத்தல். அதனாலதான் மூத்திரம் நின்னுச்சு. உடம்பு காயலை எத்திராஜ். மூழ்குது."

அவர் எழுந்து வார்டுக் கதவைப் பார்த்தார்.

"அப்போ ஆள் காயல. முழுகிகினு கீறான். அதுல நாங்க மேல தண்ணிய ஊத்திகினு இருந்துகீறோம்."

"ஆமாம்."

"இத்த காலீலயே சொல்லிகீலாமே சார். நாலு வார்த்த. எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சியா?"

நான் வாயைத் திறக்கும் முன் அவரே அடுத்ததைக் கேட்டார்.

"இப்ப இன்னா செய்யணும்?"

சொன்னேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மணிக்கு ஒரு முறை சிறுநீர் பாட்டிலில் அளவு பார்க்க வேண்டும். இருநூறைத் தாண்டினால் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிட வேண்டும். ஒரு நாளோ இரண்டு நாளோ, தெரியாது. சொல்லிவிட்டு, "ஆனா நீங்க ராத்திரி கடலுக்குப் போகணுமே" என்றேன்.

அறுபத்தோரு நாள் தொழில் இல்லாமல் இருந்தவர்கள். தடை முடிந்து போகும் முதல் பயணத்தில்தான் மீன் அதிகம், விலையும் அதிகம். அந்த ஒரு பயணத்தை நம்பித்தான் எல்லோரும் கடன் வாங்கியிருப்பார்கள். எத்திராஜ் படகின் உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐஸ் கரைஞ்சா கரையட்டும் நைனா. வேற ஆள் இருந்தா போட்டு ஓட்டிக்க. எட்டுப் பேர்ல ஒருத்தன் இங்க முழுகிகினு கீறான். மீதி ஏழு பேரும் வாச்சுல கீறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவு காசிமேட்டிலிருந்து மற்றப் படகுகள் போயின. இவர்கள் போகவில்லை. மறுநாள் முழுவதும், கால் மணிக்கு ஒரு டம்ளர் கொடுத்த அதே ஆட்கள், மணிக்கு ஒரு முறை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். முப்பது. நாற்பது. முப்பத்தைந்து. தேசிங்கு கண் விழித்து, "தண்ணி குடுறா" என்று கேட்டபோது, சுகுமார், "அடிங்... தண்ணின்ன, பல்லப் பேத்துருவேன்" என்றார். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதார் என்று டூட்டி டாக்டர் பிறகு சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது மேலிருந்து சத்தம்.

"சார்! தொறந்துகிச்சி சார்! நானூத்தம்பது! தண்ணி மேரி கீது!"

இனிக் கசிவு வராது என்பதால், அந்த ஹார்மோனுக்கு மாற்றான மருந்தை அந்த மணி நேரத்திலேயே போட்டோம். சோடியம் ஏறியது, நாங்கள் விட்ட அளவுக்கு மட்டும் ஏறியது. ஒன்பது நாள் கழித்துத் தேசிங்கு நடந்து வீட்டுக்குப் போனார். அந்தச் செல்கள் திரும்பவில்லை. காலையும் மாலையும் மூக்கில் அடித்துக்கொள்ளும் மருந்துதான் இனி அவருக்கு வாச்சு. ஆகஸ்டில் படகேறினார். ஒரு பாட்டில் அவரிடம் இருக்கும், ஒன்று எத்திராஜின் பொறுப்பில் ஐஸ் பெட்டியில் இருக்கும். மருந்து தீர்ந்தால் படகின் குடிநீர் முழுவதையும் அவர் ஒருவரே குடித்துத் தீர்க்க வேண்டிவரும் என்று எட்டுப் பேருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த முறை காரணத்தோடு.

அதற்குப் பிறகு எந்த உத்தரவையும் நான் காரணம் சொல்லாமல் கொடுத்ததில்லை. நீங்கள் நிறுத்தச் சொல்வது, கேட்பவர் உயிர் பிழைத்த அனுபவத்துக்கு நேர் எதிராக இருக்கலாம். அப்போது அவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. உங்கள் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை மட்டும்தான். ஒரு எண் நம்ப முடியாததாக இருந்தால் இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் கட்டிலருகில் இருப்பவரைக் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். நான் கேட்டபோது சுகுமார் பயந்து மறைத்திருந்தால் நான் ஸ்கேனுக்குத்தான் போயிருப்பேன்.

கடைசியாகச் செலவுக் கணக்கு: மருந்து தொடங்கிய சனிக்கிழமை தேசிங்கை மாற்றவேண்டியிருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில் முன்பணம் கட்டாமல் படுக்கை தர மாட்டோம் என்று அலுவலகத்தில் நின்றார்கள். நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டேன். குடும்பமும் படகு ஆட்களும் கட்டியதுபோக மீதிப் பதினாலாயிரத்து அறுநூறு ரூபாயை என் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். முதல் இரண்டு பாட்டில் மருந்து மூவாயிரத்து நானூறு. அதைக் காசிமேட்டில் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப ஆட்டோ இருநூற்று நாற்பது. ஏழு பேர் விட்டுக்கொடுத்த முதல் பயணத்து மீன் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று எத்திராஜிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவர் சொல்லவில்லை. அதனால் அது இதில் சேரவில்லை. எனக்கு ஆனது பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.